எல் எந்தக் காதுக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எனக்கு நாற்காலி உண்டா இல்லையா என்பது ஒரு ஹெட்செட்டில் வந்து நின்றது. நாற்பதைத் தாண்டிய, கண்ணாடி போட்ட, கம்பெனியில் வெல்டிங் லைனில் நிற்கிற ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு கவலை வரும் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அப்போது ஓசூர் பாகலூர் சாலையில் பிரவுசிங் சென்டர்கள் வரிசையாக இருந்தன. பகலில் பரீட்சை ரிசல்ட் பார்க்கிறவர்களும் வேலைக்கு மனுப் போடுகிறவர்களும் வருவார்கள். முதல் ஷிப்ட் விட்டதும் கம்பெனி ஆட்கள் வந்து அதே கம்ப்யூட்டர்களில் சண்டை விளையாட்டு ஆடுவார்கள். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். திரையில் ஒரு மணல் நிறத்து ஊர். சந்து சந்தாக ஒளிந்து ஒருவரை ஒருவர் தேடிச் சுடுவது. அவ்வளவுதான் விளையாட்டு.

அதில் நான் போய் மாட்டியது மழையால். சென்டர் வாசலில் ஒதுங்கி நின்றவனை எங்கள் லைன் ஆள் ஒருவன் உள்ளேயிருந்து பார்த்துவிட்டான். வேப்பனப்பள்ளிப் பையன். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், அத்திப்பள்ளியைத் தாண்டினால் கன்னடம். எந்தப் பாஷையிலும் கூச்சம் கிடையாது. "ணா, ஒரு ஆளு கொறையுதுணா, சும்மா உக்காருங்கோ, எலிய மட்டும் நகத்துங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டான். அன்றைக்கு நான் நடக்கத் தெரியாமல் சுவரை முட்டிக்கொண்டே இருந்தேன். ஆனால் மழை விட்டதும் எழுந்து போகத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் அங்கேதான். நான் யாருடனும் கலந்து பேசுகிறவன் இல்லை. கேன்டீனில் சுவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறவன். சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே காது சூடாகிவிடும். அந்த விளையாட்டில் மட்டும் ஐந்து பேரில் ஒருவனாக இருந்தேன். எனக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்திருந்தார்கள். நான் வர நேரமானால் "அண்ணா எங்க?" என்று தேடினார்கள். இதை வீட்டில்கூட யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்காலி எனக்கு வேண்டும்.

பிரச்சினை காதில் வந்தது. இந்த விளையாட்டில் கண் பாதி, காது பாதி. எதிராளி சுவருக்குப் பின்னால் நடந்தால் அவன் காலடிச் சத்தம் கேட்கும். இடது பக்கம் வந்தால் இடது காதில், வலது பக்கம் வந்தால் வலது காதில். சென்டரில் கொடுக்கிற ஹெட்செட்டுகளோ ஊரே போட்டுக் கழற்றியவை. பஞ்சு பிய்ந்து, வியர்வை நாற்றம் அடித்து, ஒரு காது பேசினால் மறுகாது பேசாது. போதாததற்கு, கண்ணாடிக் காம்பை மண்டையோடு சேர்த்து அழுத்தும். கொஞ்ச நேரத்தில் நான் ஒரு பக்கத்தைத் தூக்கிக் காதுக்கு மேலே வைத்துக்கொள்வேன். அப்புறம் எங்கே கேட்கும்? பின்னாலிருந்து வருகிறவன் நிதானமாகச் சுட்டுவிட்டுப் போவான்.

பக்கத்துப் பிளாஸ்டிக் கம்பெனி ஆட்களோடு ஞாயிற்றுக்கிழமை போட்டி என்று முடிவானதும் வேப்பனப்பள்ளிக்காரன் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனான். அவன்தான் எங்கள் டீமுக்குக் கேப்டன்.

"ணா, தப்பா நெனைக்காதீங்கோ. உங்களுக்கு எய்ம் நல்லா இருக்குது. ஆனா எதுவும் கேக்க மாட்டேங்குது. பெயின்ட் ஷாப்புல புதுசா ஒருத்தன் சேந்திருக்கான், அவனும் ஆட வரேன்றான்."

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொந்தமா ஒரு ஹெட்செட் வாங்கிடுங்கோணா. நல்லதா. காதுக்குச் சரியா வர்ற மாதிரி. சனிக்கிழமை போட்டுட்டு வந்து ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்கோ. கேட்டுச்சுன்னா ஞாயித்துக்கெழமை நீங்கதான். இல்லைன்னா..."

"சரி" என்றேன். வீட்டுக்கு நடக்கும்போது கால் தரையில் நிற்கவில்லை. 'எய்ம் நல்லா இருக்குது' என்று சொல்லிவிட்டானே.

என் மனைவி கார்மென்ட்ஸ் கம்பெனியில் டெய்லர். நாங்கள் இருவரும் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இத்தனை வருடம் ஓசூரில் இருந்தும் அவள் பேச்சில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. எனக்குச் சேர வேண்டிய பேச்சையும் அவளே பேசிவிடுவாள். கடையில் நான் பொருளைக் காட்டுவேன், அவள் பேரம் பேசுவாள்.

விஷயத்தைச் சொன்னதும் தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"என்னங்க, நாள் பூராம் கம்பெனியில காதைப் பொத்திக்கிட்டு நிக்கிறது பத்தலையா? வெளிய வந்தும் பொத்திக்கணுமா?"

"இது வேற. இதுல கேக்கும்."

"என்ன கேக்கும்?"

"காலடிச் சத்தம்."

"பேய் வீட்டுக்குப் போறீங்களா, விளையாடப் போறீங்களா?" என்றாள். ஆனால் மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின் சந்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. சுவர் முழுக்க ஒயர்கள் மாலை மாலையாகத் தொங்கும். ஹெட்செட்டுகள் எல்லாம் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒட்டி மூடப்பட்டு, கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருந்தன. கடைக்காரர் இளைஞர். நான் ஒன்றைக் காட்டினேன். எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வச்சுப் பாக்கலாமா?" என்றாள் மனைவி.

"கவரப் பிரிக்க முடியாதுங்கக்கா. பிரிச்சா வாங்கியே ஆவணும்."

"நீ எந்த ஊருப்பா?"

"குந்தாரப்பள்ளிங்க."

"உங்க ஊருச் சந்தைக்கு நான் வந்திருக்கேன். ஆட்டோட வாயத் தெறந்து பல்லப் பாக்காம யாராச்சும் ஆடு வாங்குவாகளா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஆடு வேற, இது வேறங்கக்கா."

"ஆமா, ஆட்டை இவர் தலையில மாட்டிக்கப் போறதில்லை. இதைத் தலையில மாட்டிக்கணும். அப்ப எதைப் பாத்து வாங்கணும்?"

அவர் கத்தரிக்கோலை எடுத்தார். நான் சுவரில் தொங்கும் ஒயர்களை எண்ணுவதுபோல் திரும்பி நின்றுகொண்டேன். காது அதற்குள்ளேயே சூடாகியிருந்தது.

முதலாவது ரொம்ப மலிவு. மெல்லிய கம்பி, காதுக்கு மேலே வட்டமாக இரண்டு கறுப்புப் பஞ்சு. போட்டதும் தெரிந்துவிட்டது. அது காதைச் சுற்றி உட்காராமல் காதின்மேலேயே உட்கார்ந்து நசுக்கியது. அதுவும் கண்ணாடிக் காம்போடு சேர்த்து. தலையை இடமும் வலமும் ஆட்டினேன், நழுவியது. மனசுக்குள் என்.ஜி. என்று சொல்லிக்கொண்டேன். எங்கள் கம்பெனியில் உதவாத பீஸில் கட்டுகிற சிவப்புச் சீட்டு அது.

இரண்டாவதைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. பெரிய கிண்ணம் மாதிரி, பளபளவென்று ரெக்ஸின் உறை. கம்பெனியில் நாங்கள் போடும் இயர் மஃப் போலவே காதை முழுசாக மூடிக்கொண்டது. வெளிச்சத்தம் பட்டென்று அறுந்தது. அதே அமைதி, அதே இறுக்கம். எனக்குப் பழகிய வீட்டுக்குள் போனது போல இருந்தது.

மனைவி பேசுவது வாயசைவில் மட்டும் தெரிந்தது. கழற்றினேன்.

"இது வேணாம்னு சொல்றேன், மாடு மாதிரி நிக்கிறீங்க. கையில தூக்கிப் பாருங்க, எம்புட்டு கனம். இந்த ரெக்ஸினு பத்து நிமிசத்துல வேர்க்கும், பொறவு நாறும், பொறவு பொருக்குப் பொருக்கா உரியும். நாங்க ஜாக்கெட்டுக்கு வைக்கிற லைனிங்லயே இதைப் பாக்கோம்ல."

மூன்றாவதை அவளே தேர்ந்தெடுத்தாள். வெளியே சாம்பல் நிறப் பிளாஸ்டிக், சாதாரணம். ஆனால் காது மெத்தை துணியில் தைத்திருந்தது. அவள் தையலை நகத்தால் கீறிப் பார்த்தாள், விரலால் அழுத்திவிட்டுப் பஞ்சு எழும்புகிறதா என்று பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு எனக்கு மாட்டிவிட்டாள். காது உள்ளே போய் அடங்கியது. மேல்பட்டையை இழுத்தால் டிக் டிக் என்று நீண்டது. கண்ணாடிக் காம்பின்மேல் மெத்தை பள்ளமாகி உட்கார்ந்தது, அழுத்தவில்லை. வாயை அகலத் திறந்து மூடினேன். கம்பெனியில் மஃப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்போம். நகரவில்லை.

நான் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒயர் நீளமா?" சென்டரில் கம்ப்யூட்டர் பெட்டி மேசைக்குக் கீழே இருக்கும். ஒயரை அதன் முதுகில் சொருக வேண்டும். ஒயர் குட்டையாக இருந்தால் மாட்டுக்குக் கயிறு போட்டதுபோல் தலையைப் பிடித்து இழுக்கும்.

கடைக்காரர் சொல்வதற்குள் மனைவி ஒயரைக் கையில் எடுத்து, பூக்காரியிடம் மல்லிகை வாங்குவது போல முழம் போட்டாள். "தாராளமா இருக்கு. முடிச்சு விழாத ஒயரு" என்றாள். ஒயரின் முனையில் பச்சைப் பின் ஒன்று, ரோஸ் பின் ஒன்று. பச்சை கேட்பதற்கு, ரோஸ் பேசுவதற்கு. நடுவில் சத்தம் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம்.

"இதைப் போட்டுக்கிட்டு இப்பிடி உக்காருங்க" என்றாள். "நான் போயி தக்காளி வாங்கிட்டு வாரேன். அதுவரைக்கும் கழட்டக் கூடாது. வலிச்சா இது வேணாம்."

"அக்கா, கடையிலயா?" என்றார் கடைக்காரர்.

அவள் போய்விட்டாள். கடைக்காரர் ஏதோ ஒரு பாட்டைப் போட்டுவிட்டார். நான் ஸ்டூலில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தொங்கும் ஒயர்களையே பார்த்தேன். ஒரு பெரியவர் என்னைக் கடை ஆள் என்று நினைத்து, கையில் ஒரு மவுஸை நீட்டி ஏதோ கேட்டார். விலை கேட்கிறார் என்று உதட்டில் புரிந்தது.

"தெரியாதுங்க! நானும் வாங்க வந்தவன்!" என்றேன்.

பெரியவர் இரண்டடி பின்னால் போனார். கடையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். கடைக்காரர் கையால் 'மெதுவாக' என்று காட்டினார். அப்போதுதான் நான் கத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது. எங்கள் லைனில் காதை மூடிக்கொண்டுதான் பேசிக்கொள்வோம். கிரைண்டருக்கும் சுத்தியலுக்கும் மேலே போய்ச் சேர வேண்டுமானால் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். காது மூடினால் வாய் தானாகக் கத்தும். அது அந்தக் கடையில்தான் எனக்கே தெரிந்தது.

மனைவி தக்காளியோடு திரும்பியபோது நான் வியர்த்துப் போயிருந்தேன், ஆனால் காதில் இல்லை. காது வலிக்கவே இல்லை. அதை மறந்தேபோயிருந்தேன். "இதுதான்" என்றேன். மீதியை அவள் பேசி முடித்தாள். எங்களால் முடிகிற விலைக்கு அது வந்தது. பையில் தக்காளிக்கு மேலே ஹெட்செட்டை வைத்து, பஸ்ஸில் அதை மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சென்டருக்குள் நுழைந்தபோது டீமில் மற்ற நாலு பேர் கண்ணும் என் பையின் மேல். பெயின்ட் ஷாப் ஆளும் வந்திருந்தான். ஓரமாக நின்று, சிரித்து வணக்கம் சொன்னான். நல்ல பையனாகத்தான் தெரிந்தான், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பச்சையைப் பச்சையிலும் ரோஸை ரோஸிலும் சொருகினேன். எழுந்து மாட்டிக்கொண்டேன்.

அடடா, அந்தச் சத்தம்! இத்தனை நாள் நான் அந்த ஊருக்குள் பாதிச் செவிடனாகத் திரிந்திருக்கிறேன். காற்று வீசுவது கேட்டது. என் பாத்திரம் துப்பாக்கியை மாற்றுவது கேட்டது. மணலில் நடந்தால் ஒரு சத்தம், மரப்பலகையில் நடந்தால் வேறு சத்தம். எங்கேயோ ஒருவன் ஏணியில் ஏறுவதுகூடக் கேட்டது. உடம்பு சிலிர்த்தது.

வலது காதில் காலடி. தெளிவாக, தடதடவென்று. வலது பக்கம் சட்டென்று திரும்பினேன். யாரும் இல்லை. இடது பக்கத்திலிருந்து சுட்டான். செத்தேன்.

அடுத்த ஆட்டம். இடது காதில் காலடி. இடது பக்கம் திரும்பினேன். வலது பக்கத்திலிருந்து சுட்டான்.

மூன்றாவது ஆட்டத்திலும் அதே கதை. இதற்கு முன்னால் காது கேட்காவிட்டாலும் அதிர்ஷ்டத்தில் பாதி முறை சரியாகத் திரும்பியிருக்கிறேன். இப்போது ஒரு தடவைகூட இல்லை.

"ணா, என்னாண்ணா ஆச்சு? எதிரா எதிராத் திரும்புறீங்கோ!"

"இது என்.ஜி. பீஸ்" என்றேன். "உள்ள ஒயரை மாத்திக் குடுத்துட்டாங்க. திருப்பிக் குடுத்துட்டு வர்றேன்."

கேப்டன் அதை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினான். வரிசையாக எதிராளிகளை வீழ்த்தினான். "சூப்பரா இருக்குதுணா! எல்லாம் சரியாத்தான கேக்குது?" என்று கழற்றிக் கொடுத்தான். நான் மாட்டிக்கொண்டு ஆடினேன். மறுபடியும் எதிர்ப்பக்கம் திரும்பினேன், செத்தேன்.

சென்டர்காரரும் எழுந்து வந்துவிட்டார். அவர் கன்னடக்காரர், பக்கத்துக் கிளினிக்கிலிருந்து சத்தத்துக்காகத் திட்டு வாங்கி வாங்கி எப்போதும் பயந்தே இருப்பவர். "கம்ப்யூட்டர்ல ஏதும் தப்பில்லப்பா" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"ணா, ஒரு தடவ கழட்டிட்டு மறுபடி மாட்டுங்கோ" என்றான் கேப்டன். என் முகத்துக்கு நேரே குனிந்து நின்றான்.

கழற்றினேன். கிண்ணங்களின் உள்பக்கம் பொறித்திருந்த எழுத்துகளைப் பார்த்து, 'எல்' பக்கத்தை வலது காதிலும் 'ஆர்' பக்கத்தை இடது காதிலும் சரியாக மாட்டினேன்.

"ணா."

"என்ன?"

"எல்லு எந்தக் காதுல இருக்குது?"

"சரியாத்தானே இருக்கு. எல் இந்தப் பக்கம்" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவன் வாய் மெதுவாகத் திறந்தது. "அய்யோ தேவுடா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பில் பேச்சு வரவில்லை. "டேய், அண்ணா கேபினுக்கு முன்னாடி நிக்கிறாருடா!"

எங்கள் லைன் ஆட்களுக்கு அது உடனே புரிந்தது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் செய்வது லாரியின் கேபின், டிரைவர் உட்காரும் கூண்டு. அதில் வைக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் எல்.எச்., ஆர்.எச். என்று எழுத்து உண்டு. உள்ளே டிரைவர் உட்கார்ந்தால் எது அவருக்கு இடமோ அது எல், எது வலமோ அது ஆர். ஆனால் நான் நிற்பது கேபினுக்கு எதிரே, அதன் முகத்தைப் பார்த்தபடி. அதனால் எல்.எச். விளக்குத் தாங்கிகள் இருக்கும் பெட்டி எனக்கு வலது கைப் பக்கம். ஆர்.எச். பெட்டி இடது கைப் பக்கம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆங்கில எழுத்தைக் கம்பெனியில்தான் கற்றேன், அதுவும் தேவைப்பட்ட வரிசையில். எனக்கு முதல் எழுத்து ஏ இல்லை, எல். அந்த எழுத்தைக் கண்டால் என் வலது கை தானாக நீளும். இடது, வலது தெரியாதவன் இல்லை. எல் என்றால் வலது கைப் பக்கம், அவ்வளவுதான். கேப்டன் நிற்பது கேபினுக்குப் பின்னால். அவனுக்கு இந்தக் குழப்பம் கிடையாது.

கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். என் தலையிலிருந்து ஹெட்செட்டை எடுத்து, திருப்பி, 'எல்' பக்கத்தை இடது காதில் வைத்தான். மைக்கை வளைத்து வாய்க்கு நேரே விட்டான்.

"ணா, இங்க நீங்க முன்னாடி நிக்கல. உள்ள உக்காந்திருக்கீங்கோ. டிரைவர் சீட்டுல."

அதைக் கேட்டதும் ஏனோ நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ கேபின்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஒன்றில்கூட ஏறி உட்கார்ந்ததில்லை.

ஆட்டம் தொடங்கியது. இடது காதில் காலடி. இடது பக்கம் திரும்பினேன். அங்கேயே நின்றான்! சுட்டேன். விழுந்தான். அடுத்தவன் வலது பக்கப் படியில் இறங்குவது அவன் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே எனக்குக் கேட்டுவிட்டது.

"எல்.எச்.! எல்.எச்.ல வர்றான்!" என்று கத்தினேன்.

டீம் மொத்தமும் இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் வந்தவன் எல்லாரையும் வாரிக்கொண்டு போனான்.

"ணா!"

காது சரியாகிவிட்டது, வாய் சரியாகவில்லை. காதை மூடிக்கொண்டு கத்துகிற அந்த வாய் லைனில் கத்துகிற வாய். 'எல்.எச். காலி!' என்று வலது பக்கப் பெட்டியைப் பார்த்துத் தினமும் கத்திப் பழகியது. ரைட் என்று சொல், வலது என்று சொல் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள். நிதானமாக இருக்கும்போது சொன்னேன். காலடிச் சத்தம் கேட்டுப் பதற்றமானால் எல்.எச். என்றுதான் வந்தது.

சென்டர்காரரும் வந்து கையைக் கூப்பினார். "யாக்கண்ணா இஷ்டு கூகாட்டா? ஏன் இவ்ளோ கூச்சல்? ரோடு வரைக்கும் கேக்குதண்ணா. எதுர் டீமுக்கெல்லாம் நீங்க சொல்றது கேக்குமில்ல?"

நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டேன். அவர் சொன்னது நியாயம். எதிர் டீம் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் உட்காரும். நான் கத்துவதை வைத்தே எங்கள் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வார்கள். பெயின்ட் ஷாப் ஆளைப் பார்த்தேன். எழுந்துகொள்ளலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

கேப்டன் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது.

"கேக்கட்டுமே" என்றான். "நல்லாக் கேக்கட்டும். ணா, நீங்க எதையும் மாத்த வேணாம். நாளைக்கு இப்படியே கேபினுக்கு முன்னாடி நின்னே கத்துங்கோ. நாங்க திருப்பிக்கிறோம்."

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் கம்பெனிக்காரர்கள் ஒரே நிறத்துச் சட்டையில் வந்திருந்தார்கள். அவர்கள் கேப்டன் என்னைப் பார்த்துவிட்டு, "யோவ், அப்பாவை எல்லாம் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றான். நான் பதில் சொல்லாமல் மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பின்களைச் சொருகினேன். எல், இடது காது. மெத்தை கண்ணாடிக் காம்பின் மேல் மெதுவாக உட்கார்ந்தது.

முதலில் நாங்கள் தோற்றோம். எதிராளிகள் என் கத்தலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் கவனிக்கத் தொடங்கினார்கள். அது எனக்குக் காதிலேயே தெரிந்தது. நான் "எல்.எச்.!" என்று கத்தியதும் சுவருக்கு அந்தப் பக்கம் காலடிகள் இடது பக்கமாக ஓடின. எங்கள் ஆட்கள் வலது பக்கம் போனார்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றது.

கடைசி ஆட்டம். ஒரு கிடங்குக்குள் நாங்கள் நுழைய வேண்டும். அதற்கு இரண்டு வாசல். நுழைகிறவன் பார்வையில் இடது வாசல், வலது வாசல் என்றுதான் இரண்டு டீமும் சொல்லும். எங்கள் பக்கம் மூன்று பேர் விழுந்துவிட்டார்கள். மீதி நானும் கேப்டனும். உள்ளே அவர்கள் மூன்று பேர்.

சுவரோடு ஒட்டி நின்றேன். சக்கரத்தைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டினேன். உள்ளே ஒருவன் மரப்பெட்டிமேல் கால் மாற்றி வைத்தான். வலது. இன்னொருவன் மணலில். அதுவும் வலது. எல்லாரும் வலது வாசலைத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அங்கிருந்து இடது பக்கம் ஓட வைக்க வேண்டும். நான் யோசித்துக் கத்தினேனா என்று கேட்டால், இல்லை. வலது காதில் கேட்டது, வாய் பழக்கத்தில் திறந்தது.

"எல்.எச்.! எல்.எச்.! எல்.எச்.ல போ!"

பிறகு தடதடவென்று காலடிகள், வலது காதிலிருந்து கிளம்பி, தலையின் நடுவில் ஓடி, இடது காதுக்குப் போயின. மூன்று பேரும். என் தலைக்குள்ளேயே ஓடியது போல இருந்தது. கேப்டன் வலது வாசலில் நுழைந்தான், நானும் பின்னாலேயே நுழைந்தேன். மூன்று முதுகுகள் இடது வாசலைக் குறிபார்த்துக்கொண்டு எங்களுக்காக நின்றிருந்தன. முதல் முதுகு அவனுக்கு. மற்ற இரண்டும் எனக்கு.

நாற்காலிகள் எல்லாம் கவிழ்ந்தன. யார் யாரோ என் முதுகில் அடித்தார்கள். தடுப்புக்கு மேலே எதிர்க் கேப்டன் தலை தெரிந்தது. கோபமா சிரிப்பா என்று தெரியாத முகம். என்னவோ கேட்டான். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்: 'லெஃப்ட்னு கத்திட்டு ரைட்ல வர்றீங்களே, இது என்னண்ணா அநியாயம்?'

"நான் கேபினுக்கு முன்னாடி நிக்கிறவன்!" என்றேன்.

சென்டர் மொத்தமும் சிரித்தது. சென்டர்காரர் கிளினிக் பக்கம் பார்த்துக் கையைக் கூப்பினார். எங்கள் கேப்டன் என் நாற்காலியை நிமிர்த்தி வைத்து, அதன் முதுகைத் தட்டி, "ணா, இது உங்களுது. டிரைவர் சீட்டு" என்றான். பெயின்ட் ஷாப் ஆள் முன்னால் வந்து அந்தத் துணி மெத்தையை ஆசையாகத் தொட்டுப் பார்த்தான். தொட்டுக்கொள் என்று தலையைக் குனிந்து கொடுத்தேன்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள், கையில் வேகவைத்த கடலைப் பொட்டலம். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"டீக்கடை வரைக்கும் கேக்குது" என்றாள், நான் ஹெட்செட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்ததும். "யாரோ சண்டை போடுறாகன்னு நெனச்சேன். பாத்தா எங்க வீட்டுக்காரரு. இத்தனை வருசத்துல ஒரு தடவைகூட இப்பிடிக் கத்தி நான் கேட்டதில்லை."

நான் கடலையை உரித்தேன்.

"ஜெயிச்சாச்சா?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப இன்னைக்கு என்ன கொழம்பு வைக்கட்டும்? உங்களுக்கு என்ன வேணுமோ சொல்லுங்க."

"எதுனாலும் சரி" என்றேன், எப்போதும் சொல்வது போல.

அவள் நடப்பதை நிறுத்தினாள். என் கையிலிருந்த பைக்குள் கையை விட்டு ஹெட்செட்டை எடுத்தாள். பாகலூர் சாலையில், பஸ்ஸும் ஆட்டோவும் போய்க்கொண்டிருக்கும்போது, அதை என் காதுகளில் மாட்டினாள். எல் இடது பக்கம்தானா என்று பார்த்துக்கொண்டேன். இரண்டு பின்களும் சட்டைக்குக் கீழே தொங்கி ஆடின.

அவள் உதடு அசைந்தது: 'இப்பச் சொல்லுங்க.'

"கருவாட்டுக் கொழம்பு!" என்றேன்.

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.